பால் நேரத்துக்குத் திரும்பும் வீடு

நல்லிக்காட்டுப்புதூர் பால் சொசைட்டியில் பால் அளக்கிற சம்பூரணத்தின் வீடு, ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலைப் பால் வண்டி கேன்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவள் வந்து கை கால் கழுவி, சோறு வடித்து, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்ட சற்று நேரத்தில், அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழுந்திருப்பதுபோல் மெல்ல எழுந்து, ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாவாயியின் முருங்கைமரத்தில் ஒரு கிளைகூட ஒடியாமல் வடக்கே பார்த்துப் போய்விட்டது. சாயங்காலப் பால் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கதவைத் திறந்து வெளியே வந்த சம்பூரணம், முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி சொசைட்டிக்கு நடந்து போய், எப்போதும்போல் வரிசையில் முதலில் நின்றவரின் பாலில் பால்மானியை இறக்கினாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே போய் வந்தது. அந்த வீடு போனதை ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்கள் அடுத்து ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். லைன்மேன் வந்து, தினமும் இப்படிக் கம்பியை அறுத்துக்கொண்டு போனால் ஆடுமாடு மிதித்துச் சாகும் என்று சொல்லி, தனியாக ஒரு கல்லை நட்டு மீட்டர் பெட்டியை அதில் பொருத்தி, வீட்டுக்குப் போகிற ஒயரின் முனையில் பெரிய பிளக் ஒன்றை மாட்டிக் கொடுத்து, போகும்போது பிடுங்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் அம்மணி என்று சொல்லிவிட்டுப் போனார். குடிநீர்க் குழாய் மட்டும் காலி மனையின் நடுவே நெட்டுக்குத்தலாக நிற்கும், அதில் வழியில் போகிறவர்கள் கால் கழுவினார்கள். வீட்டுக்கு அடியில் இருந்த மண், வெயிலே படாமல் இறுகி வழவழவென்று களம்போல் இருந்ததால், காலை ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் மிளகாயும் வடகமும் புளியும் கொண்டுவந்து அங்கே காயப்போட்டு, மூன்றரைக்கெல்லாம் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுவரிக்கு வந்த பஞ்சாயத்து கிளார்க் இரண்டு தடவையும் பதினொரு மணிக்கு வந்து, இரண்டு தடவையும் மிளகாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வீடு போவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. எதற்காகப் போகிறது என்பதுதான் ஊரின் தொண்டையில் முள்ளாய் நின்றது.

ஏனென்றால் அது ஊர் சுற்றாத ஊர் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்கள் பலவற்றையும் போல அங்கேயும் பாதி ஆண்கள் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனவர்கள். வருஷத்தில் பத்து மாதம் அந்த லாரியிலேயே தின்று, லாரியின் அடியிலேயே படுத்து, யாருடைய காட்டிலோ தோட்டத்திலோ தண்ணீருக்குக் குழி போட்டு, அடுத்த காட்டுக்கு நகர்ந்து, தீபாவளிக்கோ நோம்பிக்கோ கறுத்து இளைத்து வந்து சேர்வார்கள். போவது ஏன் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை, பிழைப்புக்குப் போனார்கள். சம்பூரணத்தின் புருஷன் அர்த்தநாரியும் அப்படித்தான் கல்யாணமான மறுமாதமே போனவன். அவன் போனில் கூப்பிடும்போதெல்லாம் அவள், "அங்க ஊரெல்லாம் எப்படிங் இருக்குது? மல இருக்குதுங்ளா? ஆறு இருக்குதுங்ளா?" என்று கேட்பாள். அவன் யோசித்து, "நானூறு அடி வரைக்கும் செம்மண்ணு, அப்பறம் கருங்கல்லு. எழுநூறுக்கு ஈரமே இல்ல" என்பான். அவனுக்கு எல்லா ஊரும் கீழ்நோக்கித்தான் தெரியும். மேலே என்ன இருந்தது என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அவளுக்கோ கேட்டுக் கேட்டுப் பசி ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் மாடு பொங்கலன்றும் கறக்கும், சாவு விழுந்த அன்றும் கறக்கும். விடியப் பால் அளந்தால் சாயங்காலம் பால் அளக்க வேண்டும், இடையில் கிடைக்கிற பொழுதில் பஸ் ஏறினால் ஈரோட்டைப் பார்த்துவிட்டு வரலாம், அதற்கு மேல் போக முடியாது. லீவு கேட்டபோது சொசைட்டித் தலைவர் நாச்சிமுத்து, "லீவு போட்டுட்டு எங்க அம்மணி போறே?" என்றார். அவளுக்கு அதற்குச் சொல்ல ஒறம்பரை என்று ஒரு சொந்தக்காரர் வீடுகூட வாயில் வரவில்லை. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊர் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான் வீடு கிளம்பியது, ஊருக்குப் புதிதாக ஒரு கேள்வி கிடைத்தது.

"ஏ சம்பூரணம், இன்னிக்கு எங்க போய்ட்டு வந்தே?" என்று வரிசையில் நின்று பாவாயிதான் முதலில் கேட்டாள். பாவாயி ஐம்பது தாண்டியவள், இரண்டு எருமை வைத்திருப்பவள், ஊரில் எந்தக் கதவு எந்நேரம் திறந்தது என்று சொல்லக்கூடியவள்.

"ஒரு ஆத்தோரமுங்க்கா. பேரு தெரியில."

"அங்க நமக்கு ஆரு இருக்கறா?"

"ஆருமில்லீங்."

"அப்பறம் எதுக்குப் போனே?"

"பாக்கறதுக்குத்தானுங்."

"எதைப் பாக்கறதுக்கு?"

சம்பூரணம் பால்மானி மிதந்து நிற்கும் அளவைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "இருக்கறதைத்தானுங்க்கா" என்றாள்.

இந்தப் பதிலை ஊர் நம்பவில்லை. ஆற்றைப் பார்க்க ஒரு வீடு போகும், சரி, வீட்டுக்கு அறிவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பொம்பளை வேலைவெட்டியை முடித்துவிட்டு அதற்காகப் போவாளா? தங்கம் கடத்துகிறாள் என்றார்கள் சிலர். கஞ்சா என்றார்கள். வடக்கே யாரோ ஒருவன் இருக்கிறான், அவனுக்குத்தான் தினமும் சோறு வடித்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். அவள் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமோ, ஒரு கண்ணாடி வளையலோ வாங்கி வந்திருந்தால் கூட ஊர் கொஞ்சம் ஆறுதலடைந்திருக்கும். அவள் எதுவும் கொண்டுவருவதில்லை. சன்னல் கட்டையில் ஈரம் இருக்கும், ஓட்டில் ஏதோ மரத்தின் சருகு ஒட்டியிருக்கும், ஒருநாள் வாசற்படியில் கொஞ்சம் வெள்ளை மணல் இருந்தது. பாவாயி அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றாள். உப்பு என்றால் என்ன அர்த்தம் என்று ஊர் இரண்டு நாள் பேசியது.

தலைவர் நாச்சிமுத்து பால் அளக்கும் மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். பாலில் குறையில்லை, அளவில் குறையில்லை, ஒருநாளும் நேரம் தப்பவில்லை. "ஒருத்தி இத்தன சுத்தமா வேல செய்யறான்னா, அவ மனசுல என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்று அவர் டீக்கடையில் சொன்னபோது, அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கடைசியில் பாவாயியால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலை, சம்பூரணம் சொசைட்டியில் இருக்கும்போதே, எருமை ஓட்டுகிற குச்சியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் புகுந்து, உள்ளறையில் நெல்லுப் பீப்பாய்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். அந்த ஆள் எவனாக இருந்தாலும் முட்டியில் ஒன்று போடுவது என்று முடிவு செய்திருந்தாள். வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். ஒன்பது மணிக்கு வீடு எழுந்து போனபோது அவர்கள் மிளகாயைக்கூடக் காயப்போடாமல், காலி மனையைச் சுற்றி நின்று, அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பியது. சம்பூரணம் முதலில் வந்து சொசைட்டிக்குப் போனாள். பிறகு பாவாயி வந்தாள். குச்சி அவள் கையில் இல்லை. யாரையும் பார்க்காமல் நேரே கட்டுத்தறிக்குப் போய் எருமைக்குத் தண்ணீர் காட்டிக் கறந்து, சொசைட்டிக்குக் கடைசி ஆளாகப் பாலைக் கொண்டுவந்தாள். அதற்குள் ஊரே அங்கே நின்றது.

"அவன் ஆருன்னு தெரிஞ்சுதா?"

"ஆருமில்ல."

"அப்ப அவ என்னதான் பண்ணுனா?"

"கதவத் தொறந்து வெச்சுட்டு வாசப்படில உக்காந்திருந்தா."

"நீ?"

பாவாயி பால் போசியை மேசையில் வைத்தாள். "நானும் பக்கத்துல போயி உக்காந்துட்டேன்" என்றாள்.

அத்தோடு சரி. வேறு ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. அவளுக்குச் சொல்ல வராததா, சொல்ல இஷ்டமில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. சம்பூரணம் என்னத்தைக் கொடுத்து இவள் வாயை அடைத்தாள் என்று பேச்சு கிளம்பியது. நேற்றுவரை அடுத்தவர் கதவைக் கணக்கெடுத்த பாவாயியின் கதவை இப்போது தெருவே பார்த்தது. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. அவள் மறுபடி அந்த வீட்டில் ஏறவும் இல்லை. ஏன் என்று சம்பூரணம் கேட்டதற்கு, "இன்னொருக்கா வந்தா நான் திரும்ப மாட்டேன், கண்ணு. எருமைய ஆரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டாள்.

நாச்சிமுத்து அர்த்தநாரிக்குப் போன் போட்டார். "அம்மணி நல்லாத்தான் இருக்குதப்பா. ஊடுதான் இருக்கறதில்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அர்த்தநாரி வந்து இறங்கியது உச்சி வெயிலில். ராய்ப்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி, தோளில் ஒரு பையோடு, எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த கட்டிலை நோக்கி நடந்து வந்தவன், தன் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடைய மிளகாயோ காய்வதைப் பார்த்து, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பெண் ஓடிவந்து மிளகாயை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டாள். இன்னொருத்தி மோர் கொண்டுவந்தாள். நாச்சிமுத்து வந்து தோளில் கைவைத்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாதவற்றை மற்றவர்கள் சொன்னார்கள். அவன் மோரைக் குடித்துவிட்டு, தான் கட்டிய வீட்டின் சதுரத்துக்கு நடுவில் வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு வந்தது. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்க, அது மெல்ல இறங்கி உட்கார்ந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது, எங்கேயோ மழை. கதவைத் திறந்த சம்பூரணம் அவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"வாங். எப்ப வந்தீங்?"

"மத்தியானம்."

"சொல்லியிருந்தா இருந்திருப்பனே. சோறு இருக்குதுங், போட்டுச் சாப்பிடுங். பால் நேரமாச்சு." ஒயரை எடுத்துப் பிளக்கை மாட்டிவிட்டு, அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவன் உள்ளே போனான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தான், தலையணையை முகர்ந்துகூடப் பார்த்தான். அடுக்களையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் இரண்டு இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்து, அவற்றுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் வரும்வரை அப்படியே இருந்தான்.

"ரெண்டாவது டம்ளர் ஆருக்கு?"

"எறங்கற எடத்துல ஆராச்சும் வருவாங். ஊடு வந்து நின்னா எட்டிப் பாக்க வருவாங்கல்ல? வந்தா ஒரு டீ குடுப்பேன்."

"ஆம்பளையா?"

"சில நாள் ஆம்பள, சில நாள் பொம்பள. ஒருநாள் ஒட்டகத்தோட ஒரு பெரியவரு. பேச்சு புரியாதுங். டீயக் குடிச்சுட்டு அவரும் உக்காந்து பாத்துட்டிருந்தாரு."

அவள் பொய் சொல்லியிருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான், கண்டுபிடித்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் அவள் கேட்டதும் கேட்டபடி சொல்லிக்கொண்டே போனதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நான் சுத்தாத ஊரா? நாய் மாதிரி சுத்தறேன். திரும்பி வந்தா ஒரு எடத்துல ஒரு ஊடு நிக்கோணும்னுதான இதக் கட்டுனேன்?"

"நீங்க சுத்துனீங். நான் எங்க போனேன்?"

"அதுல என்ன சொகம் இருக்குதுன்னு நெனச்சே?"

"தெரியிலீங். நீங்க சொன்னதே இல்லியே."

மறுநாள் அவன் வீட்டை விட்டு நகரவில்லை. காலைப் பால் முடிந்து அவள் வந்து, சோறு வடித்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வீடு அசையவில்லை. அதற்கு மறுநாளும் அசையவில்லை. அவன் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு, காவல் இருப்பவனைப் போலக் கண்ணை மூடாமல் கிடந்தான். வீட்டின் சுவர் வெறும் சுவராகவும் ஓடு வெறும் ஓடாகவும் இருந்தது. ஊருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. புருஷன் உள்ளே இருக்கையில் போக மாட்டேன் என்கிறதென்றால், அது போன இடம் எப்படிப்பட்ட இடம் என்று பேசிக்கொண்டார்கள். மிளகாய் காயப்போட இடமில்லாத பெண்கள் மட்டும், போனால் போகட்டுமே, இந்த ஆள் திரும்ப லாரிக்குப் போக மாட்டானா என்று முணுமுணுத்தார்கள்.

சம்பூரணம் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பால் அளந்தாள், வந்தாள், ஆக்கினாள், தூங்கினாள். ஆனால் பால் அளக்கும்போது அவள் கை நின்று நின்று போனது. வரிசையில் இருப்பவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு காலையில் கிளம்பும்போது, கட்டிலில் கிடந்தவனிடம், "நீங்க தூங்குங். நான் எங்கயும் போகல" என்று சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. எட்டு மாதத் தூக்கமும், அதற்கு முந்திய வருஷங்களின் தூக்கமும் சேர்ந்து அவன் மேல் இறங்க, அவள் தெருமுனை திரும்புவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

அன்றைக்குப் பால் வரிசையில் நின்றவர்கள் புளியமரத்துக்கு மேலே வீடு போவதை அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு சம்பூரணத்தைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த அளவையில் பால் நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது.

நான்கு மணிக்கு வீடு வரவில்லை. பால் அளந்து முடித்தும் வரவில்லை. அவன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. சம்பூரணம் பாவாயி வீட்டில் படுத்துக்கொண்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. இப்போது ஊரின் சந்தேகம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அர்த்தநாரியின் மேல் படுத்துக்கொண்டது. பத்து மாதம் அங்கேயே கிடக்கிறவன், அங்கே ஒரு குடும்பம் இல்லாமலா இருப்பான்? வீடு அவனுக்குத் தெரிந்த வழியில்தானே போயிருக்கும்? இவளைப் பிடிக்க வந்தவன் வீட்டோடு போய்விட்டான் பார் என்று, போன வாரம் அவனுக்கு மோர் கொண்டுவந்தவளே சொன்னாள்.

சம்பூரணம் முதலில் காதைக் கொடுக்கவில்லை. பிறகு பால் அளக்கையில் கேட்டாள். பிறகு, யாரும் சொல்லாதபோதும் அவளுக்கே கேட்டது. பாவாயியோடு உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "அக்கா, அவியளுக்கு அங்க ஆராச்சும் இருப்பாங்ளா?" என்று கேட்டே விட்டாள்.

பாவாயி அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு என்னத்தத் தெரியும்? இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். சந்தேகப்படறது மாட்டுக்குத் தீவனம் போடற மாதிரி, கண்ணு. ஒரு நாளைக்குப் போட்டீன்னா மறுநாளும் வந்து நின்னு கத்தும்."

"நீங்க எம்மேல பட்டீங்ளே."

"பட்டேன். வந்து பாத்தேன். நீ அந்தத் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருந்தியே, அந்த மூஞ்சிய ஊர்ல வந்து எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியில. அதான் பேசல."

வீடு வந்தது ஒரு சாயங்காலம், பால் அளக்கிற நேரத்தில். வரிசை கலைந்து எல்லாரும் ஓடினார்கள். சம்பூரணமும் அளவையைப் போட்டுவிட்டு ஓடினாள், இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஓடியதில்லை. அர்த்தநாரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்து காய்ந்திருந்தது, முகம் தூங்கி எழுந்தவன் முகமாக இருந்தது.

"எங்கப்பா போனே?" என்றார் நாச்சிமுத்து.

"நான் போகலீங்ண்ணா. தூங்கி எந்திரிச்சு கதவத் தொறந்தா ஒரு காடு. எங்கியோ பாத்த காடு மாதிரி இருக்குது. பாத்தா, நான் குழி போட்ட காடு. அஞ்சாறு வருசம் இருக்கும். ராத்திரியோட ராத்திரியா முடிச்சு, தண்ணி பீச்சுனதும் லாரியக் கெளப்பிட்டு வந்துட்டோம். அது என்ன ஊருன்னுகூட அன்னிக்குப் பாக்கல." அவன் வேட்டியை உதறிவிட்டுக்கொண்டான். "இப்ப கொய்யாத் தோப்பு வெச்சிருக்கறாங்க. பைப்புக்கு அடியில பசங்க குளிக்குதுங்க. நான்தான் இதப் போட்டேன்னு கையக் காட்டிச் சொன்னேன், புரிஞ்சுதோ என்னமோ, உட மாட்டேன்னுட்டாங்க. ஊடும் நகரல. நானும் நகரச் சொல்லல."

சம்பூரணம்தான் கேட்டாள்.

"சோறு ஆரு போட்டா?"

"அந்தக் காட்டுக்காரம்மா."

"என்ன வயசு இருக்கும்?"

"பாக்கல."

"கொய்யா பாத்தீங், பசங்களப் பாத்தீங், சோறு போட்டவளப் பாக்கலீங்ளா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் அவளையே பார்த்தான். தன் கேள்விகள் அவள் வாயிலிருந்து திரும்பி வருவது அவனுக்குத் தெரிந்தது, பதிலாகச் சொல்ல உண்மையைத் தவிர வேறு எதுவும் தன்னிடம் இல்லை என்பதும், அது எவ்வளவு மெலிந்த சமாச்சாரம் என்பதும் தெரிந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "பால் கெட்டுப்போகும்" என்று திரும்பி நடந்தாள்.

அவன் பின்னாலேயே சொசைட்டிக்குப் போனான். வரிசை மறுபடி கூடி, கடைசி ஆள் பாலை ஊற்றிவிட்டுப் போகும்வரை சுவரோரம் நின்றான். பிறகு, "இதென்னது, இத எப்படிப் பாக்கறது?" என்று பால்மானியைக் காட்டிக் கேட்டான்.

"எதுக்குங்?"

"நான் லாரிக்குப் போகல. கொஞ்ச நாளைக்கு நின்ன எடத்துல நிக்கறேன். நீ சொல்லிக்குடு."

ஊர் அதையும் லேசில் விடவில்லை. பொண்டாட்டி வேலையைப் புருஷன் செய்வதில் என்ன உள்நோக்கம் என்று டீக்கடையில் அலசினார்கள். நாச்சிமுத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். எருமைக்காரர்கள் தங்கள் பாலை அவன் அளக்கும்போது இரண்டு தடவை அளக்கச் சொன்னார்கள். அவன் இரண்டு தடவை அளந்தான். சம்பூரணம் பக்கத்தில் நின்று பார்த்தாள். கை பழகியதும் ஒருநாள் காலை அவனைச் சொசைட்டியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிளக்கைப் பிடுங்கி வைத்து, கதவைச் சாத்தினாள். சாயங்காலத்துக்குள் வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லை, வருவேன் என்று அவளும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் பாலை ஊற்றிவிட்டு, காலி மனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் முகத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்திரி அவன் சொசைட்டியிலேயே கேன்களுக்கு நடுவில் படுத்தான். தூக்கம் வரவில்லை. ஒட்டகக்காரப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் நிஜமாகவே பெரியவர்தானா என்று யோசித்தான். காலையில் எழுந்து பால் அளந்தான். "எங்கப்பா போயிருக்கறா?" என்று கேட்டார்கள், தெரியாது என்றான். "எப்ப வருவா?" என்றார்கள், அதுவும் தெரியாது என்றான். "அப்ப என்னதான்பா தெரியும் உனக்கு?" என்று நாச்சிமுத்து கத்தியபோது, அவன் அடுத்த ஆளின் தூக்குப்போசியை வாங்கி, இரண்டு தடவை அளந்தான். அன்று சாயங்காலமும் வீடு வரவில்லை.

அதற்கு மறுநாள் விடிகாலை, வரிசை நீண்டு, பால் வண்டியும் வந்து நின்றிருந்த நேரத்தில், வீடு இறங்குகிற சத்தம் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. அர்த்தநாரியின் தலையும் திரும்பியது. ஆனால் அவன் கையில் பாவாயியின் பால் இருந்தது, அதை அளந்து முடித்துக் கேனில் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தான். சம்பூரணம் கையில் ஒரு காலிச் சொம்போடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மாடு கிடையாது, டீக்குப் பால் வாங்க வருகிறாள். தலைமுடியில் தூசு படிந்திருந்தது, மூக்கு வெயிலில் சிவந்திருந்தது, நடையில் அவசரம் இல்லை. நேரே மேசைக்கு வராமல், வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பாலை ஊற்றினார்கள், ஊற்றிய யாரும் வீட்டுக்குப் போகவில்லை, ஓரமாக நின்றுகொண்டார்கள். புருஷன் என்ன கேட்கப்போகிறான் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. சொம்பை நீட்டினாள். அவன் வாங்கிப் பால் ஊற்றினான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். சொம்பை அவள் கையில் கொடுக்கும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

சம்பூரணம் அவனைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை, அதனால் எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொம்பை மேசையில் வைத்தாள். "மொதல்ல ஒரு மல வந்துச்சுங்..." என்று தொடங்கினாள். பாவாயி வேலியோரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள், நாச்சிமுத்து கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பால் வண்டிக்காரன் ஆரன் அடித்தான், மறுபடியும் அடித்தான். பிறகு அவனும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.